சிரித்துக்கொண்டு போனவர்

அசல் ஜெர்மன் கிறிஸ்மஸ் சந்தை என்று பலகை மாட்டியிருந்த இடத்தில் ஜெர்மன்காரன் என்று சொல்ல ஒருவன் இல்லை. உருளைக்கிழங்கு அடை பொரித்தவன் ருமேனியாக்காரன். சொசேஜ் விற்றது ஒரு ஆந்திராப் பிள்ளை, படிக்க வந்த ஊரில் குளிருக்கு நடுங்கிக்கொண்டு நின்றாள். தேம்ஸ் கரை நெடுக மரப்பெட்டி மாதிரிக் கடைகள், கூரைகளில் பஞ்சால் செய்த பனி, நாலு மணிக்கே இருட்டு, அந்த இருட்டுக்குள் தலைகளாகவே தெரிகிற சனம். இடிபடுவதற்கென்றே வீட்டிலிருந்து வெளிக்கிட்டு வந்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டினேன். அன்று எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல்தான்.

இவர் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தார்.

இவர் என்றால் என் கணவர் ஸ்ரனிஸ்லாஸ். இலங்கையிலிருந்து ஓடி, ஜெர்மனியில் எஸன் நகரத்தில் அரை ஆயுளைக் கழித்துவிட்டு, பிறகு லண்டனுக்கு வந்து வால்தம்ஸ்டோவில் குடியேறியவர்கள் நாங்கள். எஸனில் இவர் பகலில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பார். மார்கழி பிறந்தால் பின்னேரங்களில் கிறிஸ்மஸ் சந்தைக்குப் போய், ஒரு வெள்ளைக்காரியின் கடையில் கிழங்கைத் துருவித் தட்டிப் பொரிப்பார். றைபகூக்கன் என்று அதற்குப் பெயர். அந்தச் சந்தையைப் பற்றித் தொடங்கினால் இவருக்கு வாய் ஓயாது. லண்டனுக்கு வந்த பிறகு ஒவ்வொரு மார்கழியும் இங்கேயுள்ள சந்தைக்குப் போய், ஒவ்வொன்றாகக் குறை பிடித்து, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வருவது இவருக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி.

"பாரும் மெற்றில்டா, கிழங்கைப் பெட்டிக்குள்ள இருந்து எடுக்கிறான். அப்பிடியே ஐஸ் கட்டி," என்றார். "இதை வாங்கித் தின்னுறவனுக்கு நாக்கு எண்டு ஒண்டு இல்லையோ?"

"அப்பா, மெல்லமாக் கதையுங்கோ," என்றாள் மகள் லோஜினி.

"ஏன், அவனுக்குத் தமிழ் விளங்குமே?"

அப்படிச் சொல்லிவிட்டுத் தானே ஒன்றை வாங்கினார். இரண்டு வாய் தின்றார். வீட்டில் கஞ்சியே இறங்காத மனிதர் இவர். போன குளிருக்கு அளவாக இருந்த ஜக்கெற் இப்போது இவருடைய தோளில் கொளுவித் தொங்கவிட்டதுபோல் கிடந்தது. முகம் மஞ்சளடித்திருந்தது. கடைகளின் மஞ்சள் வெளிச்சத்தில் அது தெரியவில்லை என்பது ஒன்றுதான் அந்தச் சந்தையால் எனக்குக் கிடைத்த உதவி.

இவருக்கு ஈரலில் கான்சர். எல்லா இடமும் பரவிவிட்டது, சமரை, அதுதான் கோடையை, காண்பது கஷ்டம் என்று டொக்டர் ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குத் தெரியும், லோஜினிக்குத் தெரியும், ஜெர்மனியில் இருக்கிற இவருடைய தம்பிக்கும் தெரியும். இவருக்குத் தெரியாது.

அதெப்படி மறைக்க முடியும் என்று வெள்ளைக்காரர் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். டொக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்: முடிவுகளை நீங்களே கேட்க விரும்புகிறீர்களா, இல்லை வேறு யாரிடமாவது சொல்லட்டுமா என்று. இவர் பக்கத்தில் இருந்த லோஜினியைக் காட்டி, "மை டோட்டர்" என்றார். தன்னுடைய இங்கிலீஷ் காணாது, மகள் கேட்டுத் தமிழில் சொல்வாள் என்று நினைத்துக் காட்டினார். தனக்குக் கேட்க விருப்பமில்லை என்று சொல்கிறார் என டொக்டர் எடுத்துக்கொண்டார். அந்த இடைவெளிக்குள்தான் நான் புகுந்தேன்.

லோஜினி ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடை என்றேன். "ஈரலில சின்ன வீக்கம், குளிசை போட்டா சமருக்குள்ள சரிவருமாம் எண்டு போய்ச் சொல்லு."

"ஏலாதம்மா. அவர் கேட்டா நான் எப்பிடி—"

"அப்ப போய் உள்ளதைச் சொல்லி இப்பவே கொல்லு."

போய்ச் சொன்னாள். நான் சொன்னபடியே சொன்னாள்.

நான் இதைத் தெரியாத்தனமாகச் செய்யவில்லை. என்னைப் பெற்ற ஐயாவுக்கு ஒரு டொக்டர், இனி நாள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர். ஐயா அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. அதைக் கண்ணால் கண்டவள் நான். இவர் அப்படிப் படுக்கவில்லை. குளிசையைப் போட்டுக்கொண்டு, சமருக்கு வீட்டின் பின்சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கடையிலிருந்து நிற அட்டைகளை எடுத்து வந்து யன்னலில் வைத்துப் பார்த்தார். பச்சையா, சாம்பலா என்று என்னைக் கேட்டார். பச்சை என்றேன். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறைத்ததில் ஒரே ஒரு இடம் இடித்தது. அது பெனடிக்ற்.

இவருக்குப் பரிஸில் ஒரு அக்கா. பெனடிக்ற் ஒரே தம்பி, எஸனில் இருக்கிறான். அண்ணனும் தம்பியும் பேசி வருடக்கணக்காகிவிட்டது. காரணம் மாமி, இவர்களுடைய அம்மா. நாங்கள் லண்டனுக்கு வந்த பிறகு மாமி பெனடிக்ற்றோடுதான் இருந்தா. ஒரு நாள் காலையில் அவன் இவருக்குப் போன் எடுத்து, "அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், வெளிக்கிட்டு வாங்கோ அண்ணை" என்றான். எங்களுடைய ஆட்களில் சீரியஸ் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இவரும் சந்தேகப்பட்டு, "உண்மையைச் சொல்லு, இருக்கிறாவோ?" என்று கேட்டார். "இருக்கிறா அண்ணை. உங்களைத்தான் கேக்கிறா," என்றான் பெனடிக்ற். மாமி விடியவே போய்விட்டிருந்தா. தூரத்திலிருந்து வருகிறவன் வழியில் பதறக்கூடாது, வீட்டுக்கு வந்த பிறகு நாலு பேர் பிடித்துக்கொண்டு சொல்லலாம் என்பது எங்களுடைய வழக்கம். எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்.

ஆனால் இவர் நம்பிவிட்டார். தாய் கேட்கிறா என்றதும் கடைக்கு ஓடி, குளிருக்குப் போட ஒரு நாவல் நிறக் காடிகன் வாங்கினார். விமான நிலையத்தில் கோப்பி குடித்தார். பெனடிக்ற்றின் வீட்டுப் படியேறும்போது காடிகனைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்கையணை நீ, எழும்பிப் பார்" என்று சிரித்தபடி உள்ளே போயிருக்கிறார். உள்ளே கறுப்புச் சட்டைகளோடு அவ்வளவு பேரும் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் திரும்பி இவருடைய சிரிப்பைப் பார்த்திருக்கிறார்கள்.

"நான் செத்தவீட்டுக்குச் சிரிச்சுக்கொண்டு போனனான் மெற்றில்டா," என்று திரும்பி வந்த அன்று சொன்னார். அடக்கம் முடிந்ததும் தம்பியோடு கதையை நிறுத்தினார். சண்டையில்லை, ஏச்சில்லை. கதைக்கவில்லை, அவ்வளவுதான். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "அவன் என்னை எல்லாருக்கும் முன்னால விசரன் ஆக்கிப்போட்டான்," என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

லோஜினி போனில் விசயத்தைச் சொன்ன அன்றே பெனடிக்ற் ரிக்கெற் போட்டுவிட்டான். அண்ணை தன்னோடு ஒரு சொல் கதைக்காமல் கண்ணை மூடக்கூடாது என்று போனிலேயே விக்கி விக்கி அழுதான். ஆனால் வீட்டுக்கு எப்படி வருவது? வருடக்கணக்காக வாசல் மிதியாத தம்பி திடீரென்று வந்து நின்றால் எந்த மடையனுக்கும் விளங்கிவிடும். அதனால்தான் சந்தை. இவர் எப்படியும் போவார், அங்கே பெனடிக்ற் தற்செயலாக எதிர்ப்படட்டும் என்று நானும் லோஜினியும் ஒழுங்கு செய்தோம். கெட்டித்தனமாக யோசித்ததாக எனக்கு ஒரு நினைப்பு.

இவர் மூன்றாவது வாயைத் தின்னலாமா விடலாமா என்று தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவன் வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், கோயிலுக்குள் வருகிறவன்போல.

"அண்ணை," என்றான்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பி நடந்துவிடுவார் என்று நான் பயந்தேன். நடக்கவில்லை.

"ஆர், பெனடிக்கோ? என்ன இஞ்ச?"

"லூயிஷாமில ஒரு கலியாணவீடு அண்ணை. சும்மா சுத்திப் பாப்பமெண்டு வந்தனான்."

இவர் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "உனக்கும் வயசு போட்டுது," என்றார். பிறகு கையில் இருந்த கடதாசித் தட்டை நீட்டினார். "இதை ஒருக்காத் திண்டு பார். றைபகூக்கனாம்."

பெனடிக்ற் அண்ணனுடைய தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தான். லோஜினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நடந்துவிட்டது, மாதாவே, நடந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"எப்பிடி?"

"உப்பில்லை அண்ணை."

"உப்பில்லை, வெங்காயமில்லை, ஒண்டுமில்லை," என்று இவர் சிரித்தார். பெனடிக்ற்றும் சிரித்தான். அந்தத் தைரியத்தில் அவன் தொடங்கிவிட்டான். "அண்ணை, அம்மாவின்ர விசயத்தில நான் அண்டைக்கு—"

இவர் கையை உயர்த்தினார். கோபமில்லை. "இப்ப வேண்டாம். சந்தையில நிண்டு கதைக்கிற கதையே அது? எனக்கு ஈரலில ஒரு சின்ன வீக்கம், குளிசை போடுறன். சமருக்குள்ள சரிவந்திடும். வந்தோடன நான் அங்க வாறன். அம்மாவின்ர கல்லறையில வச்சுக் கதைப்பம். அண்டைக்கு நீ சொல்லுறதெல்லாம் கேக்கிறன். எனக்கும் சொல்லக் கனக்கக் கிடக்கு."

பெனடிக்ற் கேட்க வந்தது அந்தப் பேச்சைத்தான். இவரும் கொடுக்கத்தான் செய்தார். வராத ஒரு நாளுக்குக் கொடுத்தார்.

பெனடிக்ற்றின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், வாய்க்குள் அடையோடு அழுதான். பக்கத்தில் படமெடுத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் விலகிப்போனார்கள்.

"ஏனடா அழுறாய்? சமர் என்ன, நூறு வருசமே?"

"இப்பவே கதைப்பம் அண்ணை. உங்கட காலைப் பிடிச்சுக் கேக்கிறன். இப்பவே."

"சித்தப்பா, நோ," என்றாள் லோஜினி. "பிளீஸ், டோன்ற்."

அந்த இங்கிலீஷ் இவருக்கு நன்றாக விளங்கியது. மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "ஆர் உன்னை வரச்சொன்னது?" என்று கேட்டார். பெனடிக்ற் குனிந்து நின்றான். லோஜினி தன் சப்பாத்தைப் பார்த்தாள். கடைசியாக இவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் சொல்லும் மெற்றில்டா. எனக்கு என்ன?"

என்னிடம் பொய் தயாராக இருந்தது. ஐப்பசியிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பே விழுந்திருக்கும். ஆனால் தம்பி பிய்த்துத் தின்ற அந்தத் தட்டு இன்னும் இவருடைய கையில் இருந்தது. இன்னுமொருமுறை பொய் சொன்னால் இவர் சமரை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். சொல்லக் கிடக்கிறதெல்லாம் சொல்லாமலே கிடக்கும்.

"கான்சர்," என்றேன்.

"கனக்கவோ?"

"ஓம்."

"சமருக்கு இருப்பனோ?"

நான் ஆற்றைப் பார்த்தேன். இராட்டினத்தில் குழந்தைகள் கத்திக்கொண்டு சுற்றின.

இவர் கத்தவில்லை. தட்டைப் பக்கத்திலிருந்த மரப்பீப்பாயின் மேல் மெல்ல வைத்தார். விரல்களில் இருந்த எண்ணெயைக் கைலேஞ்சியால் துடைத்தார். "டொக்டர் எப்ப சொன்னவர்?" என்று கேட்டார்.

"ஐப்பசியில."

"அப்ப எல்லாருக்கும் தெரியும்."

லோஜினி எனக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நான் சுவருக்கு நிறம் பாத்துக்கொண்டிருந்தனான். நீரும் பச்சை எண்டனீர்." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "திரும்பவும் நான் சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன், மெற்றில்டா."

பிறகு பெனடிக்ற்றின் கையைப் பிடித்தார். "வா, வீட்டை போவம்," என்று அவனிடம் சொன்னார். இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். நானும் லோஜினியும் பின்னால் நடந்தோம். றெயினில் அவர்கள் ஒரு பக்கம் இருந்தார்கள், நாங்கள் எதிர்ப் பக்கம். எனக்கு நேர் முன்னால் இருந்தும் இவருடைய கண் என்னில் படவில்லை.

சந்தையில் சொன்னதுதான் இவர் என்னிடம் சொன்ன கடைசி வசனம்.

பெனடிக்ற் திரும்பிப் போகவில்லை. முன் அறையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தான். இரண்டு பேரும் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். நான் கஞ்சியோடு வந்தால் கதை நிற்கும். இவர் வாயைத் திறப்பார், நான் தீத்துவேன். உடம்பு துடைத்துவிடும்போது கையைத் தூக்கித் தருவார். கொடுமை செய்கிற மனிதர் இல்லை. எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் பெனடிக்ற் குசினிக்கு வருவான். "அண்ணி, அண்ணைக்குக் குளிருதாம்."

லோஜினியை அன்று இரவே மன்னித்துவிட்டார். "நீ சின்னப்பிள்ளை. கொம்மா சொன்னதைச் சொன்னனி," என்று தலையைத் தடவினாராம். பெனடிக்ற்றையும் மன்னித்துவிட்டார். அவன் பொய்யை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் அழுதவன் அல்லவா. மிஞ்சியது நான். கோயிலிலிருந்து பங்குச் சுவாமி வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசினார், மனைவியோடு சமாதானமாகப் போகவேண்டும் என்று புத்தி சொன்னார். இவர் தலையாட்டினார். சுவாமி போன பிறகு கட்டிலருகில் முழங்காலில் இருந்து கேட்டேன்.

"ஏசுங்கோ. ஏசியாவது விடுங்கோ."

இவர் யன்னலைப் பார்த்தார். அந்த நிற அட்டைகள் இன்னும் அங்கேதான் இருந்தன. ஒருவரும் எடுக்கவில்லை.

எனக்கும் கோபம் வரும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அது நான் கொடுத்தது. நான் அழுததெல்லாம் குழாய்த் தண்ணீரோடு போனது. உண்மை தெரிந்த பிறகு இவர் எத்தனை நாள் வாய்விட்டுச் சிரித்தார்? தம்பியோடு ஒன்றிரண்டு தடவை, அதுவும் நான் இல்லாதபோது. நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் முழு மனதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கதவுக்கு வெளியே கஞ்சிக் கோப்பையோடு நின்று அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது, உள்ளே போனால் நின்றுவிடும் என்று தெரிந்து, கஞ்சி ஆறும் வரைக்கும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன்.

தவக்காலம் தொடங்கிய கிழமை, ஒரு மத்தியானம், இவர் போய்விட்டார். லோஜினி வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நானும் பெனடிக்ற்றும்தான் பக்கத்தில் இருந்தோம். கண்ணை நான்தான் மூடிவிட்டேன்.

பெனடிக்ற் முகத்தைக் கழுவிவிட்டு, நடையில் நின்று, பரிஸில் இருக்கிற தங்கள் அக்காவுக்குப் போன் எடுத்தான். நான் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அண்ணைக்குக் கொஞ்சம் சீரியஸ். பதறாமல் வெளிக்கிட்டு வாங்கோ."

அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்டா.

"இருக்கிறார் அக்கா. உங்களைத்தான் கேக்கிறார்."

நான் எழும்பி நடைக்குப் போனேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அப்ப நான் றெயினைப் பிடிக்கிறன்," என்று அக்காவின் குரல் கேட்டது. "அவனுக்கு இஞ்சத்தைய ஆட்டுப்பாற்கட்டி எண்டா உயிர். ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வாறன். வாய்க்கு ருசியா இருக்கும்."

பெனடிக்ற்றின் கையிலிருந்து போனைப் பறித்தேன். "மச்சாள்," என்றேன், "ஒண்டும் வாங்காதேங்கோ. அவர் செத்துப்போனார். இப்பதான்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஓலத்தை என்னால் எழுத முடியாது. வயதான மனிசி, தனியாக இருக்கிறவ. பெனடிக்ற் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "என்ன அண்ணி செய்தனீங்கள்? அவ தனிய இருக்கிறா. அவவுக்கு ஏதும் நடந்தா?" என்று நடுங்கினான். நான் போனை அவனிடமே கொடுத்துவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

கட்டிலில் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்தேன், இன்னும் சூடாறவில்லை.

"உங்கட அக்காவுக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டன்," என்றேன். "அவ சிரிச்சுக்கொண்டு வரமாட்டா."

இவர் வழமைபோல ஒன்றும் சொல்லவில்லை.